ஆணிக் கருவியின் விசையும் மூக்கும்: எது முதலில்?

வீடு கட்டும் குடும்பங்களுக்கும் தச்சு வேலை பழகும் இளைஞர்களுக்குமான பாடம்

இப்பாடம் ஏன்?

நறுவிலிக்குளத்திலும் நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவின் ஏனைய ஊர்களிலும் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பல தமது வீட்டைத் தாமே முன்னின்று கட்டியவை. இன்னும் சில கட்டிக்கொண்டிருக்கின்றன. வடக்கு, கிழக்கில் 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பயனாளி முன்னின்று கட்டும் பகுதியில் வீடொன்றுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. ஒரு கட்டத்து வேலை முடிந்ததைக் காட்டினால்தான் அடுத்த கட்டத்துப் பணம் கைக்கு வரும். இவ்வாறான திட்டங்களில் வீட்டுக்காரரே வேலை கொடுப்பவர். வீட்டுக்காரரே கையாளும் ஆவார். மேசனுக்குச் சீமெந்து குழைத்துக் கொடுப்பதும், தச்சருக்குச் சிலாகை பிடித்துக் கொடுப்பதும் பெரும்பாலும் அந்த வீட்டுத் தாயும் பிள்ளைகளும்தான்.

கூரைக் கட்டம் வரும்போது மாரியும் நெருங்கிவிடும். எல்லோருக்கும் அவசரம். அந்த நேரத்தில் சுத்தியலுக்குப் பதிலாகக் காற்றால் இயங்கும் ஆணிக் கருவியுடன் ஒரு தச்சர் வந்தால் வீட்டாருக்கு மகிழ்ச்சிதான். தொழிலாளர் இதனை ‘நெயில் கன்’ என்பார்கள். கதவு, யன்னல், தளபாடம் செய்யும் பட்டறைகளிலும், கொங்கிறீற்றுக்குப் பலகை அடிக்கும் இடங்களிலும் இதனைக் காணலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவிகளும் உண்டு. அவற்றின் கைந்நூல் ஆங்கிலத்தில் இருக்கும். சில வேளை கைந்நூலே இராது.

இக்கருவியில் விபத்தைத் தடுக்கும் பூட்டுக்கள் உள்ளன. ஆனால் எல்லாக் கருவிகளிலும் அவை ஒரே விதமாக வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு கருவிகளில் ஒன்று கைதவறினாலும் சும்மா இருக்கும். மற்றது ஆணியைப் பாய்ச்சிவிடும். அந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதும், வேலை தொடங்குமுன் சோதித்துப் பார்ப்பதுமே இப்பாடத்தின் நோக்கம்.

கருவியின் உள்ளே நடப்பது

காற்று ஆணிக் கருவிக்குக் கொம்பிரசரிலிருந்து குழாய் வழியாக அமுக்கிய காற்று வருகிறது. பெரும்பாலான கருவிகள் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 இறாத்தல் வரையான அமுக்கத்தில் வேலை செய்கின்றன. ஒரு காரின் சக்கரத்தில் இருப்பது ஏறத்தாழ 30 இறாத்தல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பலம் விளங்கும்.

இந்தக் காற்று கருவியின் கைப்பிடிக்குள்ளும், நடுவிலுள்ள உருளையைச் சுற்றியும் நிறைந்து நிற்கும். உருளைக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் அடியில் ஆணியின் தலையை அடிக்கும் நீண்ட தகடு பொருத்தப்பட்டிருக்கும். பிஸ்டனுக்கு மேலே ஒரு பெரிய வால்வு மூடிக் கிடக்கும். அந்த வால்வை மூடி வைத்திருப்பதும் அதே காற்றின் அமுக்கம்தான்.

விசை, அதாவது ட்ரிகர், ஒரு சிறிய வால்வைத் திறக்கிறது. பெரிய வால்வின் மேலே நின்ற காற்று அதன் வழியே வெளியேறும். உடனே பெரிய வால்வு திறந்து, அமுக்கிய காற்று முழுவதும் பிஸ்டன் மேல் பாயும். தகடு கீழே இறங்கி ஆணியை மரத்துக்குள் செலுத்தும். கண் இமைக்கும் நேரத்துக்குள் இது முடிந்துவிடும். விசையை விட்டதும் பெரிய வால்வு மூட, பிஸ்டனின் கீழ்ப்பக்கத்தில் சேர்ந்திருந்த காற்று அதனை மேலே தள்ளும். ஆணிப் பெட்டியிலுள்ள ஸ்பிரிங் அடுத்த ஆணியை இடத்துக்குக் கொண்டுவரும்.

இதிலிருந்து விளங்க வேண்டியது ஒன்று. சுத்தியலில் கையின் பலம்தான் ஆணியை இறக்குகிறது. மெதுவாக ஓங்கினால் மெதுவாகத்தான் அடி விழும். இக்கருவியில் பலம் முன்னரே காற்றாக உள்ளே காத்திருக்கிறது. விரல் கொடுப்பது அனுமதி மட்டும். மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் ஆணி முழு வேகத்தில்தான் புறப்படும். அதனால் அந்த அனுமதி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதே உயிர் காக்கும் கேள்வியாகிறது.

இரண்டு பூட்டுக்கள்

ஊர் திரும்பும் முன்னரும் பின்னரும் நடந்த மிதிவெடி அபாய விளக்கக் கூட்டங்களில் நீங்கள் அறிந்துகொண்ட ஒன்றை இங்கே நினைவுபடுத்தலாம். மிதிவெடிக்கு ஒரே செயல் போதும். அமுக்கம் பட்டால் வெடிக்கும். பட்டது பிள்ளையின் காலா, மாட்டின் குளம்பா என்று அது பார்ப்பதில்லை. ஒரே தொடுகையில் இயங்கும் பொருளுக்குத் தவறையும் விருப்பத்தையும் பிரித்தறிய வழியில்லை.

வேலைக்கான கருவியைச் செய்தவர்கள் இதனைத் தவிர்க்கவே இரண்டு செயல்களைக் கேட்கிறார்கள். முதலாவது, கருவியின் நுனியில் ஸ்பிரிங்குடன் அசையும் ஒரு பாகம். இப்பாடத்தில் அதனை ‘மூக்கு’ என்போம். மூக்கை மரத்தில் வைத்து அமர்த்தினால் அது உள்ளே தள்ளுப்படும். இரண்டாவது, விரலால் இழுக்கும் விசை. மூக்கு உள்ளே போகாமல் விசையை மட்டும் இழுத்தால் ஆணி வரக்கூடாது. விசையைத் தொடாமல் மூக்கை மட்டும் அமர்த்தினாலும் ஆணி வரக்கூடாது. இரண்டும் சேர வேண்டும்.

இவ்வளவையும் பலர் அறிவார்கள். ‘மூக்கு இருக்கிறது, பயமில்லை’ என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மூக்கு இருப்பது மட்டும் போதாது. இரண்டு செயல்களும் எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று கருவி கேட்கிறதா, அல்லது எந்த வரிசையில் நடந்தாலும் ஏற்றுக்கொள்கிறதா? பாதுகாப்பு அங்கேதான் பிரிகிறது.

நான்கு வகை விசைகள்

1. முழு வரிசை முறை. முதலில் மூக்கை மரத்தில் அமர்த்த வேண்டும். பின்னர் விசையை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் ஆணி வராது. அடுத்த ஆணிக்கு மூக்கையும் விசையையும் விட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாவற்றிலும் பாதுகாப்பானது இதுவே.

2. ஒற்றை வரிசை முறை. இதிலும் முதலில் மூக்கு, பின்னர் விசை. ஆனால் மூக்கை எடுக்காமலே விசையை மட்டும் விட்டு மறுபடி இழுத்தால் அடுத்த ஆணி வரும்.

3. ஒற்றை இயக்க முறை. இதில் வரிசை இல்லை. விசையைப் பிடித்தபடி மூக்கு எதிலாவது பட்டால் முதல் ஆணி பாய்ந்துவிடும். அடுத்த ஆணிக்கு விசையை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு முறை விசை இழுப்பதால், பார்ப்பவர் இதனை வரிசை முறை என்று எண்ணி ஏமாறுவது எளிது.

4. தட்டு முறை. இதிலும் வரிசை இல்லை. விசையைப் பிடித்துக்கொண்டே கருவியை மரத்தில் தட்டித் தட்டிப் போகலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆணி. வேகமாக அடிப்பதற்கென்று செய்யப்பட்டது இதுவே. அதிக ஆபத்தானதும் இதுவே.

சில கருவிகளில் ஒரு சிறிய திருப்பியால் தட்டு முறைக்கும் வரிசை முறைக்கும் மாற்றிக்கொள்ளலாம். ஓர் ஆணியின் படம் வரிசை முறையையும், பல ஆணிகளின் படம் தட்டு முறையையும் குறிப்பது வழக்கம். வேறு சில கருவிகளுக்கு வரிசை முறை விசையைத் தனிப்பாகமாக வாங்கி மாற்றலாம்.

சோபாவுக்குச் சீலை அடிக்கும் சிறிய ஸ்டேப்பிளர்கள் சிலவற்றில் மூக்கே இராது. விசையை இழுத்த மாத்திரத்தில் கம்பி பாயும். ‘சின்னது’ என்பதற்காக அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

விபத்து எப்படி நடக்கிறது?

வரிசை இல்லாத கருவியில் நடக்கும் விபத்துக்களுக்கு இரண்டு வழிகள் முக்கியமானவை.

ஒன்று, தற்செயலாக முட்டுவது. தச்சர் விசையைப் பிடித்தபடியே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறார். அது பழக்கமாகிவிடுகிறது. கருவியின் மூக்கு தன் தொடையில் முட்டலாம். பக்கத்தில் சிலாகை பிடித்து நிற்பவரின் தோளில் முட்டலாம். ஏணியில் இறங்கும்போது முழங்காலில் முட்டலாம். மூக்குக்கு மரமும் சதையும் ஒன்றுதான். விசை முன்னரே இழுபட்டிருப்பதால் அந்த முட்டலே இரண்டாவது அனுமதி ஆகிவிடுகிறது.

மற்றது, இரட்டை ஆணி. ஆணி பாயும்போது கருவி பின்னால் உதைக்கும். அந்த உதைப்பில் மூக்கு ஒரு கணம் மரத்தை விட்டு எழும்பும். பழக்கமில்லாதவர் கருவியைப் பலமாக அமர்த்திப் பிடித்திருப்பார். அந்தப் பலத்தில் மூக்கு மறுபடி மரத்தில் படும். விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது. எனவே கேட்காத இரண்டாவது ஆணி வரும். அது முதல் ஆணியின் தலையில் பட்டுத் தெறித்து எங்கு போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வரிசை முறையில் விசையை விட்டால்தான் அடுத்த ஆணி வருமாதலால் இவ்வகை விபத்துக்கு இடம் குறைவு.

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 37,000 பேர் ஆணிக் கருவிக் காயங்களுடன் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குச் சென்றதாகக் கணக்கிடப்பட்டது. அந்நாட்டின் தொழிற் பாதுகாப்பு நிறுவனங்களான நியோஷும் ஓஷாவும் 2011 இல் கட்டட வேலையாட்களுக்காக ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. வீடு கட்டும் வேலை பழகும் தச்சர்களில் ஐந்து பேரில் இருவர் நான்கு ஆண்டுகளுக்குள் இக்கருவியால் காயம்பட்டதாக அது கூறுகிறது. தட்டு முறையில் காயம்படும் ஆபத்து வரிசை முறையைப்போல் இரண்டு மடங்கு என்றும் கூறுகிறது. காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் விரலிலும் ஏற்பட்டவை. அந்தக் கைக் காயங்களில் காற்பங்கு நரம்பு, தசைநாண், மூட்டு, எலும்பு ஆகியவற்றைப் பாதித்தவை. அங்கே பயிற்சி, பரிசோதகர், காப்புறுதி எல்லாம் இருந்தும் நிலைமை இது.

தசைநாண் அறுந்தால் விரல் மடங்காது. வலை பொத்துபவருக்கும், வயலில் மண்வெட்டி பிடிப்பவருக்கும், தையல் இயந்திரத்தில் குடும்பத்தை நடத்தும் தாய்க்கும் ஒரு விரல் மடங்காமல் போவது சிறிய விடயமல்ல. வீடு முடிந்துவிடும். ஆனால் அந்த வீட்டுக்கு உழைத்துப் போடும் கை குறைந்துவிடும்.

வேகம் எவ்வளவு மிச்சம்?

‘வரிசை முறை மெத்தனம், வேலை இழுபடும்’ என்று சில தச்சர்கள் சொல்லக்கூடும். இதனையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அதே வழிகாட்டியில் ஓர் ஆய்வு குறிப்பிடப்படுகிறது. அனுபவமுள்ள பத்துத் தச்சர்கள் ஒவ்வொருவரும் 8 அடிக்கு 10 அடி அளவான இரண்டு சிறிய மரக் கொட்டில்களைக் கட்டினார்கள். ஒன்றுக்குத் தட்டு முறை, மற்றதற்கு வரிசை முறை. ஆணி அடிக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் தட்டு முறை நூற்றுக்குப் பத்து வீதம் விரைவாக இருந்தது. ஆனால் அளப்பது, வெட்டுவது எல்லாம் சேர்ந்த முழு வேலை நேரத்தில் அந்த இலாபம் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவு. கருவி எந்த வகை என்பதைவிட, அதைப் பிடித்த தச்சர் யார் என்பதே வேலையின் வேகத்தைத் தீர்மானித்தது.

நம் கணக்கில் பார்ப்போம். ஒரு மரவேலைக்கு நாளுக்கு 8 மணித்தியாலமாகப் பத்து நாள் எடுக்கும் என்று வையுங்கள். மொத்தம் 80 மணித்தியாலம். அதில் நூற்றுக்கு ஒன்று 48 நிமிடம். பத்து நாளில் ஒரு மணித்தியாலம்கூட மிஞ்சாது. கொடுப்பனவு தாமதமாவதற்கு ஆணி அடிக்கும் வேகம் ஒருபோதும் காரணமாகாது. மரம் வந்து சேராததும் மழையும்தான் நாளைத் தின்பவை.

சோதித்துப் பார்க்கும் முறை

வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும் இச்சோதனையைத் தச்சரே செய்ய வேண்டும். வீட்டார் அருகில் நின்று பார்க்கலாம்; தாமே செய்ய வேண்டாம்.

முதலில் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள். ஆணிகள் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்று கண்ணால் பாருங்கள். கண்ணாடி அணியுங்கள். தடித்த மரத்துண்டு ஒன்றை நிலத்தில் வையுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். அதன் பின்னரே காற்றைக் கொடுங்கள்.

படி 1: விசையில் விரல் வைக்காமல் மூக்கை மரத்தில் அமர்த்துங்கள். கருவி அடிக்கக்கூடாது.

படி 2: கருவியை எழுப்பி, மூக்கு எதிலும் படாமல், மரத்தை நோக்கியபடி விசையை இழுங்கள். கருவி அடிக்கக்கூடாது.

படி 3: விசையை இழுத்துப் பிடித்தபடியே மூக்கை மரத்தில் அமர்த்துங்கள். அடிக்காவிட்டால் அது வரிசை முறைக் கருவி. அடித்தால் வரிசை இல்லாத கருவி. விசையை விடாமல் தூக்கி மறுபடி அமர்த்தும்போதும் அடித்தால் அது தட்டு முறை. அடிக்காவிட்டால் ஒற்றை இயக்க முறை.

படி 4: எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதலில் மூக்கை அமர்த்தி, பின்னர் விசையை இழுங்கள். இப்போது கருவி அடிக்க வேண்டும். வரிசை முறைக் கருவியாயின், மூக்கை எடுக்காமல் விசையை மட்டும் விட்டு மறுபடி இழுங்கள். அடித்தால் ஒற்றை வரிசை முறை. அடிக்காவிட்டால் முழு வரிசை முறை.

படி 1 அல்லது படி 2 இல் கருவி அடித்தால் ஒரு பூட்டு கெட்டுவிட்டது என்று பொருள். அன்று அக்கருவியைப் பாவிக்கக்கூடாது. ஆணி இல்லாதபோது தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. அவற்றில் இச்சோதனை சரிவராது. அவற்றின் கைந்நூலில் உள்ளபடி செய்ய வேண்டும்.

நான்கு படிகளும் நினைவில் நிற்காவிட்டால் வீட்டார் மூன்றாம் படியை மட்டுமாவது மறக்க வேண்டாம். ‘விசையைப் பிடித்துக்கொண்டு மூக்கை வைத்தால் அடிக்குமா?’ அந்த ஒரு கேள்வியில் பாதி விடை கிடைத்துவிடும்.

பூட்டு எப்படிக் கெடுகிறது?

மன்னார்க் கரையோரத்தில் உப்புக் காற்றும் மணலும் எல்லா இரும்பையும் தின்னும். மூக்கைத் திரும்ப வெளியே தள்ளும் ஸ்பிரிங் துருப்பிடித்தால், அல்லது அதன் தண்டில் மணலும் எண்ணெயும் சேர்ந்து இறுகினால், மூக்கு உள்ளே போனபடியே சிக்கிவிடும். அப்போது கருவி, மூக்கு எப்போதும் மரத்தில் இருப்பதாகவே எண்ணும். விசையைத் தொட்டால் வெளியில் ஆணி பறக்கும். எனவே காற்றைக் கழற்றிவிட்டு, மூக்கை விரலால் தள்ளி, அது தங்குதடையின்றித் திரும்பி வருகிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் துடைத்து, மணல் புகாத பெட்டியில் வைக்க வேண்டும்.

சிலர் வேண்டுமென்றே பூட்டைக் கெடுப்பார்கள். மூக்கு மரத்தில் கோடு போடுகிறது, இடுக்கில் நுழையவில்லை என்று அதனைக் கம்பியால் இழுத்துக் கட்டுவார்கள், ஸ்பிரிங்கைக் கழற்றுவார்கள், விசையை ரப்பரால் சுற்றி அழுத்தி வைப்பார்கள். அவ்வாறான கருவி நாம் முன்னர் சொன்ன ஒரே தொடுகைப் பொருளாகிவிடுகிறது. கம்பி அல்லது ரப்பர் சுற்றிய கருவியை உங்கள் வளவுக்குள் அனுமதிக்க வேண்டாம். சில கருவிகளின் மேல் தலைகீழான முக்கோணம் பொறிக்கப்பட்டிருக்கும். மூக்கு ஒழுங்காக வேலை செய்தால் மட்டுமே அக்கருவியைப் பாவிக்கலாம் என்பதே அதன் பொருள்.

காற்றுக் குழாய் பொருத்தியிலும் கவனம் வேண்டும். குழாயைக் கழற்றியதும் கருவிக்குள் இருக்கும் காற்று ‘உஸ்’ என்று முழுவதும் வெளியேற வேண்டும். காற்றை அடைத்து வைக்கும் பொருத்தியைத் தவறாகக் கருவியின் பக்கம் பூட்டியிருந்தால், குழாயைக் கழற்றிய பின்னரும் ஓர் ஆணி பாயப் போதிய காற்று உள்ளே இருக்கும். சிக்கிய ஆணியை எடுக்கும்போது இது பெரிய ஆபத்து.

கொம்பிரசர் இல்லை என்று ஒட்சிசன் சிலிண்டரையோ சமையல் வாயுவையோ இணைப்பது கருவியையே வெடிக்கச் செய்யும். ஒருபோதும் செய்ய வேண்டாம். மின்கலத்தில் இயங்கும் கருவியாயின், காற்றுக் குழாயைக் கழற்றச் சொன்ன இடமெல்லாம் மின்கலத்தைக் கழற்ற வேண்டும்.

நம் வேலைத்தளத்தில் கவனிக்க வேண்டியவை

பனை வைரம் மிகக் கடினமானது. பனங்கைமரத்துக்கும் பனஞ்சிலாகைக்கும் முதலில் துளை போட்டுப் பின்னர் ஆணி இறக்கும் வழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. கடின மரத்திலும் கணுவிலும் கருவியின் உதைப்பு கூடும். ஆணி வளைந்து பக்கத்தால் வெளியே வரும். அவ்விடங்களில் துளையும் சுத்தியலுமே நல்லது. பழைய மரத்தைத் திரும்பப் பாவிக்கும்போது அதில் பழைய ஆணி இருந்தால் புதிய ஆணி அதில் பட்டுத் தெறிக்கும். சீமெந்துச் சுவரிலும் இரும்பிலும் மர ஆணிக் கருவியைப் பாவிக்கக்கூடாது. கொங்கிறீற்றுக்குத் தோட்டா போட்டு அடிக்கும் கருவி வேறு. அது பயிற்சி பெற்றவர் மட்டும் தொட வேண்டியது.

மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி இறங்கும் இடத்திலிருந்து குறைந்தது 12 அங்குலம், அதாவது ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். துண்டு சிறியதென்றால் கையால் பிடிக்க வேண்டாம், இடுக்கியால் இறுக்குங்கள். மரத்தின் மறுபக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது; மெல்லிய பலகையை ஆணி துளைத்துக்கொண்டு போகும். தோளுக்கு மேலேயும் ஏணியில் நின்றும் அடிக்க வேண்டிய இடங்களுக்குச் சுத்தியலை எடுங்கள்.

ஏணியில் ஏறும்போது, இறங்கும்போது, மற்றவர் கையில் கொடுக்கும்போது, சிக்கிய ஆணியை எடுக்கும்போது, தேநீருக்குப் போகும்போது காற்றைக் கழற்ற வேண்டும். குழாயில் கட்டித் தூக்கி இறக்கக்கூடாது. அடிக்காத நேரத்தில் விரல் விசையில் இருக்கக்கூடாது.

காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு அணிய வேண்டும். இக்கருவியின் சத்தம் நூறு டெசிபெலுக்கு மேல் போகும். அது திடீரென்று வெடிப்பதுபோல் கேட்கும். போர்க்காலத்தைக் கடந்துவந்த முதியவர்களும் பிள்ளைகளும் இதனால் திடுக்கிடுவார்கள். வேலை தொடங்குமுன் அயல் வீடுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. கருவியைச் சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியாக எண்ணாதபடி கண்ணுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

தச்சரிடம் எப்படிக் கேட்பது?

வேலை தெரிந்தவரிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஆனாலும் பலருக்குத் தயக்கம் இருக்கும். சிறப்பாகத் தனித்துக் குடும்பத்தை நடத்தும் பெண்களுக்கு. இவ்வாறு கேட்டுப் பாருங்கள்:

“அண்ணை, அடிக்கத் தொடங்க முதல் ஆணி இல்லாமல் ஒருக்காச் சோதிச்சுக் காட்டுங்கோ.”

“விசையைப் பிடிச்சுக்கொண்டு மூக்கை வைச்சா அடிக்குமோ? அப்பிடியெண்டா வரிசை முறைக்கு மாத்த ஏலுமோ?”

“மாத்த ஏலாதெண்டா நாங்கள் பிடிச்சுத் தாற இடங்களிலை சுத்தியலாலை அடியுங்கோ. நேரம் போனாலும் பரவாயில்லை.”

நல்ல தொழிலாளி இதனைத் தவறாக எடுக்கமாட்டார். தன் கையையும் அவர் காக்க வேண்டியவர்தானே.

காயம்பட்டால்

முதலில் காற்றைக் கழற்றுங்கள். உடலில் தைத்திருக்கும் ஆணியைப் பிடுங்க வேண்டாம். ஆணியே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆணியின் இரு பக்கமும் சுத்தமான துணியைச் சுருட்டி வைத்து, அது அசையாதபடி கட்டுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். மஞ்சள், கோப்பித் தூள், மண்ணெண்ணெய் எதையும் பூச வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் ஆதலால் உண்ணவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். தலை, கண், மார்பு, வயிறு என்றால் ஆளை அசைக்காமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். கை, கால் என்றால் முருங்கன் வைத்தியசாலைக்கோ மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ தாமதமின்றிச் செல்லுங்கள்.

துளை சிறிதாகத் தெரிந்தாலும் செல்ல வேண்டும். ஆணிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை, பிளாஸ்ரிக், கம்பித் துண்டுகள் ஆணியுடன் சதைக்குள் போயிருக்கும். அவை உள்ளே இருந்தால் புண் சீழ் பிடிக்கும். அதே வகை ஆணி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கூலிக்கு வந்தவர் வேலையில் காயம்பட்டால், 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அவருக்கு உரிமை இருக்கலாம். வைத்தியசாலைப் பத்திரங்களையும் வேலை நாட்களின் குறிப்பையும் பத்திரப்படுத்தி, தொழில் திணைக்கள அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வீட்டாரும் தச்சரும் வேலை தொடங்குமுன்னரே இதைப் பற்றிக் கதைத்து எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

நினைவில் வைக்க

● மூக்கு இருந்தால் மட்டும் போதாது. முதலில் மூக்கு, பின்னர் விசை என்ற வரிசையைக் கருவி கேட்க வேண்டும்.
● நாள்தோறும் ஆணி இல்லாமல் சோதிக்க வேண்டும்.
● கம்பி, ரப்பர் கட்டிய கருவிக்கு இடமில்லை.
● பிடிக்கும் கை ஓர் அடி தள்ளி.
● நகரும்போது விரல் விசையில் இல்லை. ஏறும்போது காற்று கருவியில் இல்லை.
● தைத்த ஆணியைப் பிடுங்காமல் வைத்தியசாலைக்கு.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. விசையைப் பிடித்தபடி ஏணியில் இறங்கும் ஒருவரின் கருவி முழங்காலில் முட்டுகிறது. நான்கு வகை விசைகளில் எவற்றில் ஆணி பாயும்? ஏன்?
2. இரட்டை ஆணி ஏன் புதிதாகப் பழகுபவர்களுக்கு அதிகம் நேரக்கூடும்?
3. உங்கள் ஊரில் உள்ள ஆணிக் கருவிகளில் உப்புக் காற்று எந்தப் பாகத்தை முதலில் கெடுக்கும்? அதனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?
4. உங்கள் வீட்டுக் கூரை வேலையில் மரம் பிடித்துக் கொடுப்பவர் யார்? அவர் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று ஒரு படம் வரைந்து காட்டுங்கள்.